பாதத்தைப் பற்றிய கேள்வி: ஒரு கூட்டு ஆய்வில் கற்றவை

சர்க்கரை நோயால் பார்வை போனவர்களுக்கு ஆஸ்பத்திரியில் என்னென்ன அறிவுரை சொல்லி அனுப்புகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? தினமும் பாதத்தைப் பாருங்கள், வெடிப்போ கொப்புளமோ இருந்தால் உடனே வாருங்கள். குளுக்கோமீட்டரில் வரும் எண்ணை நோட்டில் குறித்து வையுங்கள். இன்சுலின் பேனாவில் அளவைச் சரியாகப் பார்த்துத் திருப்புங்கள். எல்லாவற்றுக்கும் கண் வேண்டும். அந்தக் கண்ணைத்தான் நோய் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது.

நான் மதுரை வட்டாரத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் பயோமெடிக்கல் துறையில் பாடம் நடத்துகிறேன். பிரிட்டனில் உள்ள ஒரு பல்கலைக்கழகம், இங்கே ஒரு மருத்துவக் கல்லூரியின் சர்க்கரை நோய்ப் பிரிவு, பார்வை மாற்றுத்திறனாளிகள் சங்கம் ஒன்று, எங்கள் துறை என நான்கு தரப்பும் சேர்ந்து ஒரு தொலைபேசிச் சேவையை உருவாக்கிச் சோதித்தோம். பார்வை இழந்த சர்க்கரை நோயாளிகள் தங்கள் பாதத்தைத் தாங்களே கவனித்துக்கொள்ள உதவும் சேவை அது. டிஜிட்டல் மருத்துவம், அனைவருக்குமான தொழில்நுட்பம் என்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிடமிருந்து கூட்டாய்வு அழைப்புகள் இப்போது நிறைய வருகின்றன. எப்படித் தொடங்குவது, எங்கே சிக்கிக்கொள்ளும் என்று இளம் ஆசிரியர்கள் கேட்கிறார்கள். அவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் ஆதரவில் நடந்த நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானது. அதன் கணக்கில் இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். சர்க்கரை பல வருடம் கட்டுக்குள் இல்லாமல் இருந்தால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கெடுகின்றன, கால் நரம்புகளும் மரத்துப்போகின்றன. இரண்டும் ஒரே ஆளுக்குச் சேர்ந்து வருவது சகஜம். பாதத்தில் முள் குத்தினால் அவருக்கு வலிக்காது, ரத்தம் வந்தாலும் தெரியாது. புண் சீழ் பிடித்து வாடை வரும்போதுதான் வீட்டில் யாராவது கவனிக்கிறார்கள். அதற்குள் விரலை எடுக்க வேண்டிய நிலை வந்திருக்கும்.

இதெல்லாம் எங்கள் முதல் வரைவில் இல்லை. பிரிட்டன் தரப்பிலிருந்து வந்த திட்டம் வேறு. குளுக்கோமீட்டர் திரையை செல்போன் கேமராவில் படம் பிடித்தால் எண்ணைப் படித்துச் சொல்லும் ஆப் ஒன்று. பொறியியலாகப் பார்த்தால் நல்ல வேலை, கட்டுரை எழுதலாம், மாணவர்களுக்கு ப்ராஜெக்ட் கிடைக்கும். விண்ணப்பம் அனுப்பும் முன் சங்கத்தில் ஒரு தடவை பேசிவிடுவோம் என்று கேட்டேன், அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். சங்கக் கட்டடத்தின் மாடியில் கூட்டம். திட்டத்தை விளக்கி முடித்ததும் சங்கத்தை நடத்தும் அக்கா கேட்டார்: “சரி மேடம், சர்க்கரை எவ்வளவுன்னு தெரிஞ்சு என்ன பண்ணப் போறோம்? மாசம் ஒரு தடவை பி.எச்.சி.ல பாத்துச் சொல்லிடறாங்க. ஸ்ட்ரிப் வாங்கித் தினமும் குத்திப் பாக்க இங்க யாருக்கு வசதி இருக்கு? எங்களுக்குக் கால் போயிருமோன்னுதான் பயம். அதுக்கு ஏதாச்சும் இருக்கா?”

அதற்கப்புறம் கூட்டம் பாதத்தை விட்டு நகரவில்லை. ராத்திரி தூங்கும்போது எலி கட்டைவிரலைக் கடித்ததும், விடிந்து பாயில் ரத்தம் கிடந்ததைப் பார்த்து மனைவி அலறியதும் ஒரு பெரியவர் சொன்னார். சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்தைச் செருப்பில்லாமல் சுற்றி வந்து பாதம் முழுக்கக் கொப்புளம் கட்டியதை இன்னொருவர் சொன்னார். சூடு அவருக்குத் தெரியவே இல்லை. இவை விதிவிலக்குகள் அல்ல. பாதப் புண் பார்க்கும் எந்த மருத்துவரைக் கேட்டாலும் இப்படி ஒரு பட்டியலே சொல்வார்.

அன்று பேசியதை எழுதி பிரிட்டன் பேராசிரியருக்கு அனுப்பினேன். அவர் ஆப்பைக் கைவிட்டார். அது பெரிய மனது. ஆனால் நிதி கிடைத்த பிறகு அதே விஷயத்தைச் சொல்லியிருந்தால் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரால் மாற்றியிருக்க முடியாது. விண்ணப்பத்தில் எழுதிய கேள்விக்கும் வேலைத்திட்டத்துக்கும்தான் நிதி ஒதுக்குகிறார்கள். அதை மாற்ற ஒவ்வொரு வரிக்கும் அனுமதி வாங்க வேண்டும். கூட்டாய்வுக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: யாருக்காகச் செய்கிறோமோ அவர்கள் கேள்வியை முடிவு செய்யும் கட்டத்திலேயே உட்கார வேண்டும். கருவியைச் செய்து முடித்துவிட்டுப் ‘பயன்படுத்திப் பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள்’ என்று கூப்பிடுவது தாமதம். பிரிட்டனின் என்.ஐ.எச்.ஆர். போன்ற நிதி அமைப்புகள் மக்களை எப்படி ஈடுபடுத்தினீர்கள் என்று விண்ணப்பத்திலேயே கேட்கின்றன. அந்தப் பத்தியை அலங்காரமாக நிரப்பவும் முடியும், உண்மையாக நடத்தியும் எழுத முடியும்.

இதில் ஒரு சிக்கல். விண்ணப்பத்துக்கு முந்தைய கட்டத்துக்கு யாரும் பணம் தருவதில்லை. பார்வையற்ற ஒருவர் வந்து போக துணைக்கு ஒரு ஆள், இருவருக்கும் பஸ் காசு, சாப்பாடு, அன்றைய கூலி இழப்பு என்று எல்லாம் செலவு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் பல துறைகளிடம் கூட்டாண்மையைத் தொடங்குவதற்கென்றே சிறு தொகைகள் இருக்கும். கேட்டால் தருவார்கள், கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். நாங்கள் கேட்டோம், கிடைத்தது.

சங்கத்தையும் சம பங்காளியாகச் சேர்த்து அவர்கள் கணக்குக்கே ஒரு பங்கு நிதி போக வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. அங்கே சட்டம் குறுக்கே வந்தது. வெளிநாட்டு நிதி வாங்க ஒரு தொண்டு அமைப்புக்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். மாவட்ட அளவிலான சின்னச் சங்கங்களில் பெரும்பாலானவற்றுக்கு அது கிடையாது. 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பதிவுள்ள அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரவும் முடியாது. முன்பு பெரிய அமைப்பு ஒன்று வாங்கிச் சின்னச் சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வழி இருந்தது, அது அடைபட்டுவிட்டது. அதனால் சங்கத்தினரைத் தனி ஆட்களாகத் திட்டத்தின் ஊழியர்களாகவே வேலைக்கு எடுத்தோம். நிதி யார் கணக்கில் வரலாம், யாருக்குப் போகலாம் என்பதை உங்கள் கல்லூரியின் கணக்கு அலுவலரோடும் ஒரு ஆடிட்டரோடும் உட்கார்ந்து விண்ணப்பத்துக்கு முன்பே பேசிவிடுங்கள்.

வேலைக்கு எடுப்பதும் லேசாக நடக்கவில்லை. படிப்பை வைத்துத்தான் ஆய்வு ஊழியர்களின் சம்பளப் பட்டியல் இருக்கிறது. இருபது வருடம் சங்கம் நடத்தியவர், மாவட்டத்தின் ஒவ்வொரு மூலையிலும் ஆட்களை அறிந்தவர், ஆனால் பிளஸ் டூவோடு நின்றவர். பட்டியல்படி அவருக்குக் கடைநிலை ஊதியம்தான். அன்று முதுகலை முடித்து வந்த மாணவருக்கு அவரைவிட அதிகம். என்னால் அதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. ‘வாழ்வனுபவ ஆலோசகர்’ என்று தனிப் பதவியாக, இன்ன வேலைக்கு இன்ன ஊதியம் என்று நிதி தரும் அமைப்பின் ஒப்புதல் கடிதத்திலேயே எழுதி வாங்கினோம். அந்தக் கடிதத்தைக் காட்டிய பிறகுதான் அலுவலகம் இறங்கி வந்தது. பட்ஜெட்டில் இப்படி எழுதி வாங்காத எதுவும் பின்னால் கிடைக்காது. துணையாளின் பயணச் செலவு, சைகை மொழி பெயர்ப்பாளர், ஆவணங்களை ஆடியோவாகப் பதிவு செய்வது எல்லாம் தனித்தனி வரியாக வர வேண்டும். சைகை மொழி பெயர்ப்பாளர் என்றால் இருவராகவே கணக்கிடுங்கள். அரை மணி நேரத்துக்கொரு முறை மாறிக்கொள்ளாவிட்டால் அவர்களால் தாக்குப்பிடிக்க முடியாது.

அனுமதிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மருத்துவக் கல்லூரியின் எத்திக்ஸ் கமிட்டி, எங்கள் கல்லூரியின் கமிட்டி, பிரிட்டன் பல்கலைக்கழகத்தின் கமிட்டி. வெளிநாட்டு நிதியோ கூட்டாளியோ இருக்கிற மருத்துவ ஆய்வு என்பதால் ஐ.சி.எம்.ஆர். வழியாக மத்திய சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவுக்கும் போக வேண்டும். இவை பலருக்குத் தெரிந்தவை. தெரியாத ஒன்று இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 6ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். மாற்றுத்திறனாளி ஒருவரை ஆய்வுக்கு உட்படுத்த, அவருக்கு எட்டும் வடிவத்தில் விளக்கி அவருடைய சுதந்திரமான சம்மதத்தைப் பெற வேண்டும் என்கிறது. அதோடு நிற்கவில்லை, அரசு அமைக்கும் ஊனமுற்றோர் ஆய்வுக் குழுவின் முன் அனுமதியும் வேண்டும் என்கிறது. அந்தக் குழுவில் பாதிக்குக் குறையாதவர்கள் மாற்றுத்திறனாளிகளாகவோ பதிவுபெற்ற மாற்றுத்திறனாளி அமைப்புகளின் உறுப்பினர்களாகவோ இருக்க வேண்டும். எங்கள் வட்டாரத்து ஆய்வாளர்களில் இந்தப் பிரிவைக் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு. விண்ணப்பம் எழுதும்போதே மாநில மாற்றுத்திறனாளிகள் நல ஆணையர் அலுவலகத்தில் விசாரித்து, அதற்கான காலத்தையும் அட்டவணையில் சேருங்கள். மூன்று வருடத் திட்டத்தில் முதல் வருடம் அனுமதிகளிலேயே போய்விடும் என்று வெளிநாட்டுக் கூட்டாளியிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. அவர்கள் ஊரில் அவ்வளவு காலம் பிடிப்பதில்லை, அதனால் அவர்களாக எதிர்பார்க்கவும் மாட்டார்கள்.

ஒரு கமிட்டியில் பார்வையற்றவர்கள் எல்லோரிடமும் கைநாட்டு வாங்கிவிடுங்கள் என்றார்கள். சங்கத்து அக்காவும் கூட வந்திருந்தார். “நான் பேங்க்ல கையெழுத்துப் போடறேன் சார், இங்க மட்டும் ஏன் ரேகை?” என்று கேட்டார். கையெழுத்துப் போடுகிறவர் போடுவார், போடத் தெரியாதவரிடம் ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் முன்னிலையில் ரேகை வாங்குவோம் என்று முடிவானது. ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகளும் அந்தச் சாட்சியைத்தான் கேட்கின்றன. தகவல் படிவத்தை ஆடியோவாகப் பதிவு செய்து முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். வாட்ஸ்அப் இல்லாதவர்களுக்குப் போனில் போட்டுக் காட்டினோம். அவசரமில்லாமல் கேட்டு, வீட்டில் பேசிவிட்டு வந்து, இந்த ஆய்வில் என்ன நடக்கும் என்று தங்கள் வார்த்தையில் திருப்பிச் சொன்ன பிறகுதான் சேர்த்தோம். ‘எப்ப வேணா விலகிக்கலாம், விலகினாலும் பி.எச்.சி.ல மாத்திரை நிக்காது’ என்பதை அவர்கள் வாயால் சொல்லக் கேட்பது முக்கியம். அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் கேட்டால் மறுக்க முடியாது என்று நினைக்கிறவர்கள் நிறைய.

சேவையை வடிவமைத்த காலம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்மார்ட்போன் ஆப் வேண்டாம் என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. எங்கள் பங்கேற்பாளர்களில் பெரும்பாலோர் நாற்பது, ஐம்பது வயதுக்கு மேல் பார்வை இழந்தவர்கள். சிறு வயதிலிருந்து பார்வையில்லாத இளைஞர்கள், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடரான டாக்பேக்கில் செல்போனைப் பறக்க விடுவார்கள், கணினியில் அதே வேலைக்கு என்.வி.டி.ஏ. பயன்படுத்துவார்கள். இவர்களுக்கு அது எதுவும் தெரியாது. பிரெய்லும் இல்லை. விரல் நுனியும் மரத்துப்போன ஒருவரால் அந்தப் புள்ளிகளைத் தடவிப் படிக்க முடியாது என்பது வெளிநாட்டுக் கூட்டாளிகளுக்குப் புதிய செய்தியாக இருந்தது. வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தாலும் அது மகனுடையது, மகன் வேலைக்குப் போனால் போனும் போய்விடும். இவர்கள் கையில் இருந்தது பட்டன் போன். ஆகவே வாரம் ஒருமுறை கணினியே அழைத்து, பதிவு செய்த குரலில் கேள்வி கேட்கும் முறை.

அழைப்பில் அழுத்த வேண்டிய எண்களை நாங்கள் வழக்கம்போல 1, 2, 3 என்று வைத்திருந்தோம். ஆலோசகர்களில் ஒருவரான அண்ணன் மாதிரியைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “பட்டன் போன்ல அஞ்சாம் நம்பர் மேல ஒரு புள்ளி இருக்கும், தடவிப் பாத்தா தெரியும். முக்கியமான பதிலை அங்க வைங்க. மத்ததை அதுலருந்து மேல, கீழ வைங்க.” அப்படியே மாற்றினோம். ‘ஆமாம்’ என்றால் 5, ‘இல்லை’ என்றால் அதற்கு நேர் கீழே 8, திரும்பக் கேட்க மேலே 2. புள்ளி தட்டுப்படாத அளவுக்கு விரல் மரத்தவர்களுக்காக ‘ஆமா’, ‘இல்ல’ என்று வாயால் சொல்லும் வழியும் வைத்தோம். இன்னொன்றும் அவர்தான் சொன்னார். காதில் வைத்துக் கேள்வியைக் கேட்டு, போனை இறக்கி, பட்டனைத் தேடி அழுத்தி, மறுபடி காதுக்குக் கொண்டுபோவதற்குள் அடுத்த வாக்கியம் பாதி ஓடிவிடுகிறது. பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தை நீட்டி, பதில் வந்ததும் ஒரு சின்ன மணியோசை, ஒரு இடைவெளி, அப்புறம்தான் அடுத்த கேள்வி என்று வைத்தோம்.

தெரியாத எண் வந்தால் யாரும் எடுப்பதில்லை. வாரா வாரம் ஒரே எண்ணிலிருந்துதான் அழைப்பு, ஒரே கிழமை, ஒரே நேரம். அந்த எண்ணுக்குத் தனி ரிங்டோன் வைக்க முடிந்த போன்களில் வைத்துக் கொடுத்தோம். திரையைப் பார்க்க முடியாதவருக்கு யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரிய அதைவிட எளிய வழி இல்லை. குரல் பாத சிகிச்சைப் பிரிவின் நர்ஸ் ஒருவருடையது. அவரை எல்லோருக்கும் தெரியும். நேரம் மாலை ஏழு மணிக்குப் பக்கம், வீட்டில் இன்னொருவர் இருக்கும் நேரம். நினைவூட்டலாகக் குறுஞ்செய்தியும் துணையாளுக்கு அனுப்பினோம். மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, அதற்கென்று இருக்கும் டி.எல்.டி. என்ற பதிவுத் தளத்தில் அனுப்புநர் பெயரையும் செய்தி வாசகத்தையும் பதிய வேண்டும். வாசகத்தை மாற்றினால் மறுபடி பதிய வேண்டும். இதை முன்பே அறிந்து வைத்திருங்கள்.

என்ன கேட்பது என்பதில் மருத்துவர்களுக்கும் சங்கத்துக்கும் உண்மையான கருத்து வேறுபாடு வந்தது. ‘புறங்கையால் இரண்டு பாதத்தையும் தொடுங்கள், ஒன்று மற்றதைவிடச் சூடாக இருக்கிறதா?’ என்பது ஒரு கேள்வி. உள்ளே புண் உருவாகும் இடம் வெளியே தெரிவதற்கு முன்பே சூடாகும். இரண்டு பாதத்திலும் ஒரே இடத்தை அளந்து வெப்பம் 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசப்பட்டால் எச்சரிக்கை என்று வெளிநாட்டு ஆய்வுகளில் வெப்பமானி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கையால் தொட்டு அவ்வளவு துல்லியம் வராது, நிரூபிக்கப்படாத சோதனையை எப்படிச் சேர்ப்பது என்று மருத்துவர்கள் தயங்கினார்கள். அவர்கள் சொன்னது நியாயம். “ஒண்ணுமே இல்லாம இருக்கறதுக்கு இது தேவலைதானே டாக்டர்?” என்று சங்கத்தினர் கேட்டதும் நியாயம். கடைசியில் கேள்வி நின்றது, ஆனால் அதன் வேலை மாறியது. ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் கணினி எதையும் முடிவு செய்யாது, அடுத்த நாள் நர்ஸே கூப்பிட்டு விசாரிப்பார். விரலிடுக்கில் ஈரம் இருக்கிறதா, படுக்கையிலோ செருப்பிலோ புதிதாக வாடை வருகிறதா, செருப்பைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போட்டீர்களா, இந்த வாரம் வேறு யாராவது உங்கள் பாதத்தைப் பார்த்தார்களா என்பவை மற்ற கேள்விகள். கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்று தொடர்ந்து சொல்கிறவர்கள் தனியாக இருப்பவர்கள் என்று தெரிந்துகொண்டோம். அவர்கள் பெயரை, அவர்கள் சம்மதத்தோடு, மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக வரும் தன்னார்வலர்களுக்குச் சொன்னோம். 2021இல் அந்தத் திட்டம் வந்ததிலிருந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு அந்தப் பெண்கள் வாசல்வரை வருகிறார்கள். ஏற்கெனவே வருகிறவர் ஒரு நிமிடம் பாதத்தையும் பார்த்துவிட்டுப் போவது எந்தத் தொழில்நுட்பத்தையும்விடப் பெரிய உதவி.

ஆய்வகத்தில் ஓடுவது களத்தில் ஓடாது என்பதற்கு ஒரு உதாரணம் இங்கே பொருந்தும். கண் படத்தைப் பார்த்து விழித்திரைப் பாதிப்பைக் கண்டறியும் கூகுளின் செயற்கை நுண்ணறிவு முறை சோதனைகளில் மிக நன்றாக வேலை செய்தது. தாய்லாந்தின் மருத்துவமனைகளில் அதை வைத்துப் பார்த்து 2020இல் எழுதிய கட்டுரையில், ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட படங்களை அந்த முறை தரமில்லை என்று தள்ளிவிட்டதாகச் சொன்னார்கள். போதிய இருட்டறை இல்லை, இணையம் மெதுவாக இருந்தது, நர்ஸ்களுக்கு நேரமில்லை. தோல்வியை அவ்வளவு விவரமாக எழுதிய அந்த ஆய்வாளர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. என் மாணவர்கள் எல்லோரையும் அதைப் படிக்கச் சொல்கிறேன்.

தரவு விஷயத்தில் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அழைப்புகளின் குரல் பதிவு முழுவதும் தங்கள் சர்வரில் இருக்க வேண்டும் என்று பிரிட்டன் பல்கலைக்கழகத்தின் ஒப்பந்த வரைவில் இருந்தது. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, அவர்கள் வழக்கமான படிவம் அது. ஆனால் குரலே ஒருவருடைய அடையாளம். நம் நாட்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறிவிட்டது, சம்மதம் வாங்கிய நோக்கத்தைத் தாண்டித் தரவைப் பயன்படுத்துவது அதன்படி தவறு. குரல் பதிவுகள் இங்கேயே, மருத்துவக் கல்லூரியிலேயே இருக்கும், பதில்களின் அட்டவணை மட்டும் பெயரில்லாமல் போகும் என்று திருத்தினோம். பெயரை எடுத்தால் மட்டும் போதாது என்பதையும் பேச வேண்டியிருந்தது. ஒரு கிராமத்தில் பார்வையற்ற அறுபத்திரண்டு வயதுப் பெண் ஒருவர்தான் இருப்பார். ஊர், வயது, குறைபாடு மூன்றையும் சேர்த்துப் போட்டால் அந்த ஊரில் டீக்கடைக்காரருக்குக்கூட யார் என்று தெரியும். ஊருக்குப் பதில் ஒன்றியம், வயதுக்குப் பதில் பத்து வருட இடைவெளி என்று மாற்றிய பிறகே அனுப்பினோம். அடையாள எண், ஓ.டி.பி. இரண்டையும் கேட்கும் எந்தப் பதிவு முறையும் வேண்டாம் என்பது சங்கத்தின் நிபந்தனை. பார்வையற்றவருக்கு வரும் ஓ.டி.பி.யை யாரோ ஒருவர் படித்துச் சொல்ல வேண்டும், அல்லது போன் சத்தமாகப் படிக்கும். அந்த எண்ணை நம்பி வேறொருவர் கையில் கொடுத்துப் பணம் இழந்தவர்கள் அந்தக் கூட்டத்திலேயே இருந்தார்கள்.

மாதாந்திரக் கூட்டங்கள் இணையத்தில் நடந்தன. பேசுகிறவர் முதலில் தன் பெயரைச் சொல்வது, திரையில் காட்டும் படத்தை வார்த்தையில் விவரிப்பது, ஸ்லைடுகளை இரண்டு நாள் முன்னால் அனுப்புவது என்று சில பழக்கங்கள் வைத்துக்கொண்டோம். தமிழில் பேசவும் நேரம் ஒதுக்கினோம். பிரிட்டன் பேராசிரியர்கள் இருவர் அமைதியாகக் காத்திருந்து, அக்கா பேசி முடித்ததை நான் ஆங்கிலத்தில் சொல்லக் கேட்ட பிறகு பதில் சொன்னார்கள். கூட்டம் நீளும், நீளட்டும்.

கட்டுரையில் ஆசிரியர் பெயர்கள் யார் யார் என்பதைத் தொடக்கத்திலேயே பேசினோம். மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவான ஐ.சி.எம்.ஜே.இ.யின் விதிப்படி ஆசிரியராக வர ஆய்வில் பங்களித்தால் போதாது. வரைவை எழுதியோ திருத்தியோ இருக்க வேண்டும், இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும், பொறுப்பேற்க வேண்டும். இந்த விதியைக் காட்டியே பல இடங்களில் சமூகத் தரப்பினரை நன்றியுரைக்குத் தள்ளிவிடுகிறார்கள். திருத்துவதற்கு அவர்களுக்கு வழி செய்து கொடுத்தால் விதி யாரையும் தள்ளாது. ஒவ்வொரு வரைவையும் பி.டி.எஃப். ஆக இல்லாமல் வேர்ட் கோப்பாக, ஸ்க்ரீன் ரீடர் ஒழுங்காகப் படிக்கும்படி தலைப்புகளோடு அனுப்பினோம். ஆங்கிலம் படிக்காதவர்களுக்குப் பத்தி பத்தியாகத் தமிழில் சொன்னோம், அவர்கள் குரல் செய்தியாகத் திருத்தம் சொன்னார்கள். முடிவுகளைப் பற்றிய பகுதியில் ‘நோயாளிகள் அழைப்பை எடுக்கத் தவறினர்’ என்று நாங்கள் எழுதிய இடத்தை ஆலோசகர் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வாரங்களில் திருவிழா, சிலருக்கு ரீசார்ஜ் தீர்ந்துபோய் எண்ணே முடங்கியிருந்தது என்பதை எடுத்துக் காட்டினார். அழைப்புப் பதிவுகளைச் சரிபார்த்தபோது அவர் சொன்னது சரியாக இருந்தது. அந்தப் பகுதியையே திருப்பி எழுதினோம். அவர் அக்கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர்.

நிதி முடிந்த பிறகு என்ன ஆகும் என்பதை வெளிநாட்டுக் கூட்டாளிகள் கேட்க மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். பங்கேற்பாளர்களுக்கு இலவசமாகக் குளுக்கோமீட்டர் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்றோம். மீட்டர் விலை ஒன்றும் பெரிதில்லை, ஸ்ட்ரிப்தான் மாதா மாதம் செலவு, திட்டம் முடிந்த மறுமாதமே மீட்டர் பரணுக்குப் போய்விடும். மாற்றாக, ஒரு வருடத்துக்கு அழைப்பு முறையை நடத்த எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டு மருத்துவக் கல்லூரியிடம் ஆரம்பத்திலேயே கொடுத்தோம். குரல் பதிவு, கேள்வி வரிசை, மென்பொருள் எல்லாம் அவர்கள் பெயரிலும் சங்கத்தின் பெயரிலும் இருக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதினோம். இப்போது அந்த அழைப்பு பாத சிகிச்சைப் பிரிவின் வழக்கமான வேலைகளில் ஒன்றாக நடக்கிறது. பாதம் மரத்திருக்கிறதா என்று பார்க்கும் 10 கிராம் நைலான் இழைச் சோதனைக்கு வருகிறவர்களில் பார்வை குறைந்தவர்களை நர்ஸே அதில் சேர்க்கிறார்.

தீராமல் நிற்பது செருப்பு. ‘ஆமாம்’ என்று பதில் வந்து நர்ஸ் விசாரித்த அழைப்புகளில் திரும்பத் திரும்ப வந்த காரணம் தேய்ந்த ரப்பர் செருப்பும், செருப்பே இல்லாததும்தான். மரத்த பாதத்துக்கு மெத்தென்ற எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலர் ரப்பர்) செருப்பு வேண்டும். தொழுநோய் சிகிச்சையிலிருந்து வந்த பழைய, எளிய பொருள் அது. ஆய்வு நிதியில் அதற்கு இடமில்லை. பெயர்களை நீக்கிய அந்தப் பதில் அட்டவணையை எடுத்துக்கொண்டு, சங்கம் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறது. பார்வை இழந்த சர்க்கரை நோயாளிகளுக்கு வருடத்துக்கு இரண்டு ஜோடி எம்.சி.ஆர். செருப்பு, அளவெடுத்து, அந்தந்த பி.எச்.சி.யிலேயே கிடைக்க வேண்டும் என்பது கோரிக்கை. மனுவோடு இணைக்க மருத்துவக் குறிப்பு ஒன்றை எங்கள் குழுவின் மருத்துவர் எழுதிக் கொடுத்தார், செலவுக் கணக்கை என் மாணவர்கள் போட்டுக் கொடுத்தார்கள். பதில் இன்னும் வரவில்லை. அக்கா வாராவாரம் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறார், நாங்களும் முறை வைத்துக் கூடப் போகிறோம்.